தமயந்தியின் தாங்கி

தமயந்தியின் வலியை மூன்று தடவை நான் வாங்கியிருக்கிறேன். மூன்று தடவையும் பாதியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்காக அவள் வாரக்கணக்கில் என்னோடு பேசாமல் இருந்தாள். உசிலம்பட்டியில் கேலி செய்யாத ஆள் கிடையாது. டீக்கடையில் போய் உட்கார்ந்தால், "என்னா பவுனு, பிரசவம் நல்லபடியா முடிஞ்சதா?" என்பான்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்து பேசச் சொல்லுங்கள், அப்புறம் பார்ப்போம் யார் வாய் நீளம் என்று.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மலைமேல் மாரத்தான் ஓடுகிறவர்களுக்குப் பிடரியில் ஒரு வில்லை வைக்கிறார்கள். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் களைப்பு தெரியாது, கால் வலி தெரியாது, மூச்சு முட்டுவதும் தெரியாது. முதலில் தீக்காயம் பட்டவர்களுக்காகக் கண்டுபிடித்ததாம். நல்ல காரியம்தான். ஆனால் நம் ஆட்கள் எதைத்தான் விட்டுவைத்தார்கள்? வலி தெரியாத மனுஷனை மலையில் ஏற விட்டால் எதுவரைக்கும் ஓடுவான் என்று வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது.

வலி தெரியாதவனுக்கு எங்கே நிற்க வேண்டும் என்றும் தெரியாது. ஆரம்பத்தில் நிறையப் பேர் சிரித்துக்கொண்டே ஓடி, சிரித்துக்கொண்டே செத்தார்கள். அப்புறம்தான் சட்டம் வந்தது. ஓடுகிறவருடைய வலி யாராவது ஒருவருக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த ஆள் அடிவாரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அதை அனுபவிக்க வேண்டும். இதற்கு மேல் ஆகாது என்று பட்டால் கைப்பிடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கலாம். அமுக்கினால் வில்லை அணைந்துவிடும். ஓடுகிறவர் அப்படியே மடிந்து உட்கார்ந்துவிடுவார், வண்டி போய்த் தூக்கி வரும். நாற்காலியில் உட்காருகிறவருக்கு அரசாங்கம் வைத்த பெயர் காப்பாளர். நாங்கள் எல்லாரும் தாங்கி என்றுதான் சொல்வோம். தாங்கியாக இருப்பவர் ரத்த சொந்தமாகவோ கட்டினவராகவோ இருக்க வேண்டும். வெளியாளை நம்ப முடியாதாம்.

தமயந்தி பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். நான் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். ஊசி என்றாலே எனக்கு முகம் வெளுத்துவிடும். அப்படிப்பட்ட என்னை உட்கார வைத்தால் என்ன ஆகும்? மூன்றாவது ஓட்டத்தில் அவளுடைய முழங்கால் வலி என் முழங்காலுக்குள் இறங்கியபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் பயந்துபோய்த் தன் பொத்தானை அமுக்கிவிட்டார். திரையில் பார்த்தால், இவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறாள்.

"இன்னும் கொஞ்ச தூரந்தான் மாமா இருந்துச்சு," என்றாள் வீட்டுக்கு வந்து. "நல்லாத்தான ஓடிக்கிட்டிருந்தேன். எனக்கு ஒண்ணுமே இல்லியே!"

"ஒனக்கு ஒண்ணுமில்லடி. எனக்குல்ல உசுரு போச்சு!"

"எங்க போச்சு? உக்காந்து புரோட்டா தின்னுக்கிட்டிருக்கீங்க."

நாற்பது தாண்டினால் வில்லை வைக்க மாட்டார்கள். அவளுக்கு முப்பத்தொன்பது முடியப் போகிறது. லடாக்கில் நடக்கும் மேகவாசல் ஓட்டம்தான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. பதினேழாயிரம் அடிக்கு மேல் நாங்லா கணவாய், அதைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெண்ணும் அதை முடித்ததில்லை. அதை முடிக்காமல் தனக்குச் சாவு வராது என்று குரங்கணி மலைச்சரிவில் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் ஷூவுக்கு நாடா கோத்துக்கொண்டே சொன்னாள்: "இந்தவாட்டி நீங்க வேணாம் மாமா. அம்மாவ உக்கார வைக்கப் போறேன்."

"அத்தையவா? அறுபது வயசு மனுசிய?"

"ஆமா. என் வலி அவுங்களுக்கு என்னைக்கு ஒறைச்சிருக்கு? அதுதான் எனக்கு வேணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடம் படிக்கும்போது மூன்று நாள் வயிற்றுவலி என்று சுருண்டு கிடந்திருக்கிறாள். என் மாமியார் ஒச்சம்மா, "சரியாப் போயிரும், எந்திரி" என்று வெந்நீர் கொடுத்துவிட்டு மில்லுக்குப் போய்விட்டார். குடல்வால் வெடித்து, பிழைத்ததே பெரிய காரியம். அதே ஒச்சம்மாதான் நூல் மில்லில் விரல் மாட்டி நசுங்கியபோது துணியைச் சுற்றிக்கொண்டு ஷிப்ட் முடியும்வரைக்கும் நின்று வேலை பார்த்தவர். தன் வலியும் தெரியாது, பிள்ளை வலியும் தெரியாது, கல்லு மாதிரி ஒரு பொம்பளை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

லடாக்கில், அடிவாரக் கூடத்தில் எங்களுக்கு விளக்கம் சொல்ல வந்த பெண் ஸ்டெல்லா, தூத்துக்குடிக்காரி. தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். உங்கள் கை பட்டால்தான் பொத்தான் வேலை செய்யும், நீங்கள் அமுக்கினால்தான் மேலே வண்டி கிளம்பும் என்றெல்லாம் சொன்னாள். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் இத அமுக்குனா எம்மகளுக்கு என்னாகும்?"

"உங்ககிட்ட இருக்கிற வலி மொத்தமும் அவங்களுக்கே போயிரும்மா. ஒரே வீச்சுல."

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

அத்தை பொத்தானை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். புறப்படுவதற்கு முன்னால் தமயந்தி வந்து, "எம்மா, அமுக்கிராத, என்ன?" என்றாள். "போடி. போயி ஓடு," என்றார் அத்தை. அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

ஓட்டம் வெயில் ஏறும்போது ஆரம்பித்தது. கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள். புருஷன்மார்கள், தம்பிமார்கள், பெரியப்பா ஒருவர், எல்லாரும் தலையில் வலியை வாங்கும் கம்பி வலையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஏற்றத்திலேயே முனகல் ஆரம்பித்துவிட்டது. மீசைக்காரர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார், அப்புறம் அமுக்கிவிட்டார். ஒருவர் பின்னால் ஒருவராக அமுக்கினார்கள். அமுக்கியவர்கள் அவமானத்தோடு வெளியே போனார்கள். எனக்கு அவர்களைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அத்தை அசையவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். போகப் போக முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. பாதம் இரண்டும் தானாகத் திருகிக்கொண்டன. சுவரில் இருந்த பெரிய திரையில் தமயந்தி பனியில் ஓடிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே பறந்து வந்த கேமராவைப் பார்த்துக் கையாட்டினாள்.

"என்னா மாமா, அங்க குளுருதா? போர்வையப் போத்திக்கிட்டு உக்காருங்க!" என்று கத்தினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அப்போதுதான் பாறை இடுக்கில் அவளுடைய இடது கால் கோணலாக விழுந்தது. இங்கே அத்தையின் உடம்பு நாற்காலியிலிருந்து ஒரு முழம் எழும்பி இறங்கியது. அங்கே அவள் எழுந்து, மடங்கிய பாதத்தின் மேலேயே ஊன்றி ஓடினாள். அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பக்கமாக இழுத்து இழுத்து, சிரித்த முகத்தோடு ஓடினாள். கூட்டம் கைதட்டியது. நாசமாய்ப் போகிறவர்கள்.

"அத்தை, போதும். அமுக்குங்க."

"பேசாம இருங்க மாப்ள."

உயரம் ஏற ஏற அத்தைக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். உதட்டிலிருந்து ரத்தம் வடிந்து சேலையில் சொட்டியது. திரையில் தமயந்தி இருமினாள். வாயோரத்தில் இளஞ்சிவப்பாக நுரை. அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற மாதிரி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

ஸ்டெல்லாவின் முகம் மாறிவிட்டது. "நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டிருக்கு சார். இனிமே ஏறக் கூடாது. அம்மாவ அமுக்கச் சொல்லுங்க."

"நீ நிப்பாட்டு தாயி!"

"என்னால முடியாது சார். தாங்கி மட்டுந்தான் நிப்பாட்டலாம்."

"மெசினு ஒண்ணு இருக்குமே, ஆபத்துன்னா தானா நிப்பாட்டுற மாதிரி?"

"மொதல்ல வச்சிருந்தாங்க. அது எல்லாரையும் பாதி மலையிலயே நிப்பாட்டிருச்சு. பாக்குற கூட்டம் கொறைஞ்சுபோச்சு. எடுத்துட்டாங்க."

இவ்வளவு படித்த பெண், இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் அத்தையின் கையைப் பிடித்து இழுத்துப் பொத்தான் மேல் வைக்கப் பார்த்தேன். அவர் கையை முஷ்டியாக மூடிக்கொண்டார். மில்லில் வேலை பார்த்த கை, என்னால் ஒரு விரலைக்கூடப் பிரிக்க முடியவில்லை. காவலுக்கு நின்ற இரண்டு பேர் வந்து என்னைப் பின்னால் இழுத்தார்கள்.

"ஒங்களுக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா?" என்று கத்தினேன். "பெத்த மகதான? செத்துருவா அத்தை! அன்னைக்கும் இப்பிடித்தான் சும்மா இருந்தீங்க, இன்னைக்கும் சும்மா இருக்கீங்களே, நீங்கள்லாம் ஒரு தாயா?"

அத்தை என்னைப் பார்த்தார். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. பேச வாய் வரவில்லை, ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"அமுக்குனா... இது அம்புட்டும்... அவளுக்குல்ல போகும்?"

எனக்குப் புரியவில்லை.

"என்னாலயே முடியல மாப்ள. புள்ள எப்பிடித் தாங்குவா?"

அப்புறம்தான் விளங்கியது. இந்தப் பாவி மனுஷி வலி உறைக்காமல் உட்கார்ந்திருக்கவில்லை. மகளுக்குப் போகாமல் பிடித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "அத்தை, கொஞ்ச நேரந்தான் வலிக்கும். வண்டி போயிரும், ஊசி போட்டுருவாங்க, பொழைச்சுக்கிருவா. வலிச்சாத்தான் அத்தை நிப்பா!"

"அந்தக் கொஞ்ச நேரமும் எதுக்கு? நான் இருக்கேன்ல." மூச்சை இழுத்துக்கொண்டார். "அன்னைக்கு மூணு நாளு துடிச்சா. நான் வாங்கல. இன்னைக்கு வாங்கிக்கிறேன்... போங்க."

பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள், இங்கே மூளையையே மறைத்துவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஸ்டெல்லாவும் குனிந்து அத்தையின் காதில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கிற நிலையில் இல்லை. திரையில் தமயந்தி கணவாயின் உச்சியில் கட்டியிருந்த கொடிகளைத் தொட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பினாள். காற்று பலமாக வீசியது. படம் கலங்கி, வெள்ளையாகி, அப்படியே நின்றுவிட்டது.

அதே நேரம் அத்தையின் உடம்பு தளர்ந்தது. முஷ்டி தானாகத் திறந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போயிருச்சு மாப்ள!" என்றார். சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். "வலியெல்லாம் போயிருச்சு. தாண்டிட்டா போல. எறக்கந்தான இனி?"

நானும் நம்பினேன். இறக்கத்தில் மூச்சு சீராகிவிடும், அதனால்தான் வலி நின்றுவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஓடிப்போய் அத்தைக்குச் சூடாக டீ வாங்கிவந்து கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்தார். உதட்டுப் புண்ணில் சூடு பட்டபோது மட்டும் முகத்தைச் சுளித்தார்.

அவளைக் கணவாய்க்கு அந்தப் பக்கம், பாதையோரப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் கண்டுபிடித்தார்கள். பின்னால் ஓடிவந்த ஒருவன் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறான். தூக்கிவந்தபோது நான் பார்த்தேன். உள்ளங்கை இரண்டிலும் நகம் பதிந்து ரத்தம் உறைந்திருந்தது. வலி தெரியாமல் செத்தவளுடைய கை ஏன் இப்படி இருக்கிறது என்று எனக்குள் ஏதோ அரித்தது.

மறுநாள் காலையில் ஸ்டெல்லாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அத்தைக்கு வலி நின்னுச்சே, அப்பவே அவ உசுரு போயிருச்சா?"

"இல்ல சார்."

"பின்ன?"

"மேல இருந்த சிக்னல் கோபுரம் காத்துல சாஞ்சிருச்சு. தொடர்பு அறுந்துபோச்சு. அறுந்தா வில்லை தானா அணைஞ்சிரும்."

"அணைஞ்சா?"

"பட்டன் அமுக்குன மாதிரிதான். மொத்தமும் அவங்களுக்கே போயிரும்."

பக்கத்தில் கிடந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். "அப்ப வண்டி போயிருக்கணும்ல?"

"அமுக்குனாத்தான் வண்டி கிளம்பும். படம் மட்டுந்தான் போயிருக்கு, அங்க அது அடிக்கடி அறுந்து அறுந்து வரும்னு காத்திருந்தாங்க. பட்டன் அமுக்கலையே, ஓடிக்கிட்டுத்தான் இருப்பாங்கன்னு நெனச்சுட்டாங்க."

"எவ்வளவு நேரம்?"

"வேணாம் சார்."

"சொல்லு தாயி."

"ரொம்ப நேரம்." அழுதுவிட்டாள். "அவங்க காலர் மைக்ல பதிவாயிருக்கு. கேக்காதீங்க."

கேட்டேன். அழுது சண்டை போட்டு வாங்கிக் கேட்டேன். முதலில் வெறும் காற்று. அப்புறம் ஒரு அலறல், என் தமயந்தியின் குரல் என்று சொன்னால் நம்ப முடியாத அலறல். அது ஓய்வதற்கே வெகு நேரம் ஆனது. அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். என் பேரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஊருக்குக் கொண்டுவந்து காரியம் எல்லாம் செய்தோம். அத்தை கண்ணீர் விடவில்லை. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தியிடமும் ஒரே பேச்சுத்தான். "எம்மக நோகாமப் போனா ஆத்தா. அவ நோவு அம்புட்டையும் நான் வாங்கிக்கிட்டேன். ஒரு பொட்டு வலி அவளுக்குப் போகல." அவர்களும் மூக்கைச் சிந்திக்கொண்டு, "தாயின்னா நீதான் தாயி!" என்றார்கள். நான் வாசலில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சோறு இறங்கவில்லை. வாயில் வைத்தால் அந்த அலறல்தான் காதில் கேட்டது. அத்தை மட்டும் வேளாவேளைக்குச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தது. பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை மறுபடியும் யாரிடமோ ஆரம்பித்தார்: "ஒரு பொட்டு வலி..."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். நெல் மூட்டை மேல் உட்கார வைத்தேன். போனில் வைத்திருந்த அந்தப் பதிவைப் போட்டு அவர் காதில் வைத்தேன்.

முதலில் அவருக்கு அது யாருடைய குரல் என்று தெரியவில்லை. தெரிந்தபோது போனைத் தட்டிவிடுவார் என்று நினைத்தேன். தட்டிவிடவில்லை. இரண்டு கையாலும் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அலறல் ஓய்ந்து அவள் பேசுகிற இடம் வந்தது. எனக்கு அது மனப்பாடம்.

"எம்மா... அமுக்கிட்டியாம்மா? பரவால்லம்மா. ஒன்னால முடியலன்னா விடு. வைய மாட்டேன். வண்டிய மட்டும் வெரசா வரச் சொல்லும்மா... வண்டி வருதாம்மா? எம்மா, வண்டி வருதா?"

அதற்கப்புறம் வண்டி, வண்டி என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. கடைசிவரைக்கும் கேட்டார். போனை என்னிடம் கொடுத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"வண்டி ஏன் மாப்ள போகல?"

"நீங்க அமுக்கல அத்தை," என்றேன். "அமுக்குனாத்தான் வண்டி போகும். ஒங்கள நம்பிக்கிட்டு அவ காத்துக்கிட்டுக் கெடந்தா."

மெதுவாகத்தான் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் உள்ளே போகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அத்தை என்னைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூட்டையிலிருந்து கீழே சரிந்தார். அந்த மனுஷி தன் சொந்த வலியில் துடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியில் பட்டதெல்லாம் இதற்குக் கால் தூசி பெறாது.

நான் தூக்கிவிடவில்லை. முன்கட்டுக்கு வந்து பந்தியில் உட்கார்ந்தேன். சோறு வந்தது, சாம்பார் வந்தது. பிசைந்து வாயில் வைத்தேன், இறங்கியது. இத்தனை நாளும் எங்கேதான் இருந்ததோ அந்தப் பசி! பின்கட்டில் பெண்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. "ஐயய்யோ, ஒச்சம்மாளுக்கு என்னமோ ஆயிருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். பக்கத்து இலைக்காரர்கள் எழுந்து ஓடினார்கள். நான் ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.